வரைபடத்தில் பதியும் வேகம்

பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் சாரதிக்கு வேக எல்லையைக் கைத்தொலைபேசியும் இன்று நினைவூட்டக்கூடும். 2004 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் அதனை எவரும் பதியலாம்; செயலிகள் அவ்விலக்கத்தையே காட்டுகின்றன.

நமது நாட்டில் காருக்குக் குடியிருப்புப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. முச்சக்கர வண்டிக்கோ 40தான். ஆனால் குடியிருப்பு எங்கே தொடங்குகின்றது? 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் குடியேறியதால் இக்குடாநாட்டில் புதிய ஊர்கள் எழுந்தன. பழைய செய்மதிப் படத்தை மட்டும் நம்பி எங்கோ இருந்து ஒருவர் 70 எனப் பதிந்தால், மத்ரஸா விட்டு வீதியைக் கடக்கும் சிறுவர்கள் அவர் கணக்கில் வரமாட்டார்கள்.

களத்தில் சரிபார்க்கக்கூடியதையே பதிய வேண்டும் என்பது அவ்வரைபடத்தாரின் நெறி. ஊகித்த இலக்கத்தைவிட வெற்றிடமே மேலானது என்பது நமது கருத்து. கற்பிட்டி இளைஞர்கள் தமது ஊர் வீதிகளைத் தாமே பார்த்துப் பதியட்டும். பலகையே இல்லாத இடங்களில் அதனை நாட்டுவது வீதி அதிகாரிகளின் பொறுப்பாகும்.