தேள் கொட்டினால் ஓதிப் பார்ப்பதா, மருத்துவமனைக்குச் செல்வதா?

ஓட்டு வீடுகளும் விறகு அடுக்குகளும் கற்குவியல்களும் நிறைந்த இண்டூர் வட்டாரத்தில் தேள் புதிதன்று. கொட்டுப்பட்ட பிள்ளையை முதலில் ஹழ்ரத்திடம் தூக்கி வருவதும் புதிதன்று. ஓதிப் பார்த்தலை நாம் மறுக்கவில்லை. விஷ ஜந்து தீண்டிய கூட்டத்தலைவர் ஒருவருக்கு நபித்தோழர் சூரத்துல் ஃபாத்திஹா ஓதிய செய்தி அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) வாயிலாகப் புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்களையே தேள் கொட்டிய நிகழ்வை நாம் ஏனோ அதிகம் பேசுவதில்லை. தொழுது முடித்ததும் தண்ணீரும் உப்பும் வரவழைத்து, கொட்டிய இடத்தில் தடவிக்கொண்டே சூராக்களை ஓதினார்கள் என அலீ (ரலி) அறிவிப்பது தப்ரானீயில் உள்ளது. ஓதுதலும் மருந்தும் அங்கே ஒருசேர நடந்தன. மருந்தை விடுவதே தவக்குல் என்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இன்றைய மருந்து உப்புநீர் அன்று. மராட்டியத்தின் மஹாத் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டியோருக்கு இரத்த அழுத்த மருந்தான பிரசோசின் பயனளிப்பதை 1986இல் லான்செட் இதழில் எழுதினார். அதன்பின் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் விரைவில் குணமாகிறது என்பதை 2011இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. (பிரசோசினைக் கடையில் வாங்கி நாமே கொடுத்துவிடக் கூடாது, அழுத்தம் திடீரென இறங்கிவிடும்.)

நம்மை ஏமாற்றுவது வலிதான். ஓதியதும் பிள்ளை அழுகையை நிறுத்தினால் விஷம் இறங்கியதாக மகிழ்கிறோம். செந்தேள் விஷம் உடலெங்கும் பரவியவருக்கோ வலி குறைவாகவே இருப்பதும் உண்டு. வியர்த்துக் கொட்டுகிறதா, வாந்தி வருகிறதா, கைகால் சில்லிடுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்றே பார்க்க வேண்டும். அவ்விஷம் இதயத்தைத் தாக்கி நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து மிகுதி. அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே கொண்டு செல்லுங்கள்.

கயிறு கட்டுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் 108ஐ அழையுங்கள். கொட்டிய நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபாத்திஹாவை வண்டியிலேயே ஓதலாம். ஹழ்ரத்தையும் உடன் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: இரவில் வண்டி எடுத்து வரக்கூடிய இருவரின் கைபேசி எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.