பழைய கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ்: எது, யாருக்காக?

சிங்கப்பூரின் கரியமில வெளியேற்றத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான அளவுக்குக் கட்டடங்களே காரணமாக இருக்கின்றன. நாட்டின் கட்டடங்களில் 80 விழுக்காட்டை, மொத்தத் தளப்பரப்பின் அடிப்படையில், 2030ஆம் ஆண்டுக்குள் பசுமைக் கட்டடங்களாக்குவது என்று 2021ஆம் ஆண்டின் பசுமைக் கட்டடப் பெருந்திட்டம் இலக்கு நிர்ணயித்தது. புதிய கட்டடங்களுக்கான குறைந்தபட்சத் தகுதிகள் 2008ஆம் ஆண்டிலிருந்தே சட்டபூர்வமாக உள்ளன. எனவே எஞ்சிய சுமை பழைய கட்டடங்களின் மீதே விழுகிறது.

இவற்றில் சிக்கல் மிகுந்தவை கலப்புப் பயன்பாட்டுக் கட்டடங்கள். கீழ்த்தளங்களில் கடைகள், நடுவே அலுவலகங்கள், மேலே வீடுகள் என்ற அமைப்பு அங்கு 1970களிலேயே பரவலானது. 1973இல் எழுந்த பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். இத்தகைய பல கட்டடங்களில் உரிமையாளர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளனர். பொதுப்பகுதிகள் மட்டுமே நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருக்கின்றன.

மூன்று தெரிவுகள்

இத்தகைய கட்டடத்தின் முன்னுள்ள முதல் தெரிவு, கட்டட, கட்டுமான ஆணையம் 2005இல் அறிமுகப்படுத்திய கிரீன் மார்க். உள்நாட்டுச் சட்டங்களுடனும், 2022இல் அறிவிக்கப்பட்ட 6 கோடியே 30 லட்சம் வெள்ளி ஊக்கத்தொகைத் திட்டத்துடனும் இணைந்திருப்பது அதன் பலம்.

இரண்டாவது, அமெரிக்காவின் லீட். இயங்கிவரும் கட்டடங்களுக்கான அதன் பிரிவு, மின்சாரம், தண்ணீர், கழிவு, பயணம், உட்புறச் சூழல் ஆகியவற்றில் உண்மையான செயல்பாட்டை அளவிடுகிறது. பன்னாட்டு நிறுவனங்களை வாடகைதாரர்களாகக் கொண்ட கட்டடங்கள் இதை நாடுவது இயல்பே.

மூன்றாவது, 1990இல் பிரிட்டனில் தோன்றிய பிரீயாம். பயன்பாட்டிலுள்ள கட்டடங்களுக்கான அதன் திட்டம், கட்டடத்தின் தன்மையையும் அதன் நிர்வாகத்தையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. வணிகப் பகுதிக்கும் குடியிருப்புக்கும் அதில் வெவ்வேறு அளவுகோல்கள் உள்ளன.

ஆகவே, எந்தச் சான்றிதழ் என்பதற்கு முன், கட்டடத்தின் எந்தப் பகுதிக்குச் சான்றிதழ் என்ற கேள்விக்கு விடை காணப்பட வேண்டும். கடைகளும் அலுவலகங்களும் ஒரு மைய குளிரூட்டும் அமைப்பைப் பயன்படுத்த, வீடுகள் தனித்தனிக் குளிர்சாதனங்களை வைத்திருந்தால், முழுக் கட்டடத்துக்கும் ஒரே மதிப்பெண் என்பது உண்மை நிலையை மறைத்துவிடக்கூடும்.

செலவு யாருக்கு?

பணம் யார் செலுத்துவது, பலன் யாருக்குச் செல்வது என்பதே இவ்விவகாரத்தின் மையப் பிரச்சினை. பழைய குளிரூட்டும் இயந்திரங்களை மாற்றும் செலவு, உரிமையாளர்கள் தமது பங்கு மதிப்பின்படி செலுத்திய சேமநிதியிலிருந்து வருகிறது. குளிரூட்டல் கட்டணமும் அளவி பொருத்தப்படாமல் பங்கு மதிப்பின்படியே பிரிக்கப்பட்டால், சிக்கனமாக இருக்கும் சிறு கடைக்காரருக்குக் கிடைக்கும் பலன் சொற்பமே. மறுபுறம், சான்றிதழைக் காரணம் காட்டி வாடகை உயர்ந்தால் முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே.

ஆனால் ஒன்றும் செய்யாதிருப்பதும் இனி இலவசமல்ல. 5,000 சதுர மீட்டருக்குக் குறையாத தளப்பரப்பு கொண்டு, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரம்பை மீறி மின்சாரம் செலவிடும் வணிகக் கட்டடங்கள் உள்ளிட்டவை, கட்டாயத் தணிக்கை செய்து பயன்பாட்டை 10 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. 2023 வரை டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்த கரிம வரி, 2024இல் 25 வெள்ளியாகவும் 2026இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்தது. மின்நிலையங்கள் செலுத்தும் இந்த வரியின் ஒரு பகுதி மின்கட்டணத்தின் ஊடாகக் கடைக்காரரையும் வந்தடைகிறது.

இந்நிலையில், ஓராண்டு மின்சார, தண்ணீர்க் கணக்கைப் பகுதிவாரியாகத் திரட்டுவதே நிர்வாகக் குழுக்களின் முதற்பணியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எந்தச் சான்றிதழுக்கும் உதவும். பெரும்பாலான கலப்புக் கட்டடங்களுக்கு கிரீன் மார்க் போதுமானது. வெளிநாட்டு முதலீட்டாளரோ வாடகைதாரரோ வெளிப்படையாகக் கோரினாலன்றி, இரண்டாவது சான்றிதழுக்கான கட்டணத்தை நியாயப்படுத்துவது கடினம்.

இச்சான்றிதழ்கள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். நுழைவாயிலில் பலகை மாட்டிய பின்னரும் மின்கட்டணம் குறையாவிட்டால், அடுத்த பொதுக்கூட்டத்தில் அதற்கு விளக்கம் கேட்கும் உரிமை ஒவ்வொரு உரிமையாளருக்கும் உண்டு.