பற்று நமக்கு, வரவு யாருக்கு?

பற்று என்ற சொல் தமிழில் மூன்று இடங்களில் நின்று மூன்று வேலை செய்கிறது. கொட்டியாரப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று என்று திருகோணமலை மாவட்டத்தின் பழைய பிரிவுகளைச் சுட்டுங்கால் அது நிலம். நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்னுங்கால் அது நெஞ்சு. கடைக்காரர் தம் கணக்கேட்டில் ஒருபுறம் பற்று, மறுபுறம் வரவு என்று கோடு கிழிக்குங்கால் அது கடன். ஈச்சிலம்பற்று என்ற ஊர்ப்பெயரின் ஈறு இவற்றுள் எதைச் சார்ந்தது, அல்லது ஈச்சம் பற்றையின் திரிபுதானா என்பதை ஊர்ப்பெயர் ஆராயும் புலவர்களிடம் விட்டுவிடுவோம். இன்று நமக்கு வேண்டியவை பின்னைய இரண்டுமே. விளையாட்டு என்று வந்துவிட்டால் நெஞ்சில் உள்ள பற்று அப்படியே கணக்கேட்டின் பற்றாகி நம் தலையில் எழுதப்படுகிறது. வரவு வேறொருவர் பெயரில் ஏறுகிறது. ஏனென்று கேட்பாரில்லை.

அரசியல் ஏட்டில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான மக்கள் எவரும் அழையாமலே கூடி, கைப்பொருளைக் கொடுத்து, ஒரு பெயரின் பொருட்டுச் சிரித்து, அதே பெயரின் பொருட்டு அழுது வீடு திரும்பும் இடத்தில் அரசியல் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? வண்டி பிடித்து, சுவரொட்டி ஒட்டி, வீடு வீடாய் ஏறி இறங்கி நம் கட்சிகள் சேர்க்க முடியாத கூட்டத்தை ஒரு பந்து சேர்த்துவிடுகிறது. கூட்டத்துக்கு ஆள் சேர்த்து அலுத்த கால்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

2020 ஆம் ஆண்டில் லங்கா பிரீமியர் லீக் என்ற பெயரில் துடுப்பாட்டச் சந்தை ஒன்று இந்நாட்டிலே திறக்கப்பட்டது. ஐந்து நகரங்களின் பெயரில் ஐந்து அணிகள். அவற்றுள் ஒன்று யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிற்று. முதலாண்டில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ்; மறு ஆண்டில் லைக்கா நிறுவனத்தின் கைக்கு மாறி ஜஃப்னா கிங்ஸ். 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை அந்த அணி கிண்ணத்தை வென்றது. தமிழர் நெஞ்சம் பூரித்தது. பூரித்ததில் பிழையொன்றும் இல்லை. யாழ் மத்திய கல்லூரியில் பந்து வீசிப் பழகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் முதலாண்டிலேயே அவ்வணியில் இடம் பெற்று, 2024 இல் இந்தியாவிலே ஐதராபாத் அணிக்கும் ஆடினார் என்பது நாம் மகிழ்ந்து சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி.

ஆயினும் ஒன்று. 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடப்படவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என்றுதான் ஆட்டங்கள் நடந்தன. தக்க மைதானம் இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட விடை. மெய்தான், மண்டைதீவில் பன்னாட்டு மைதானப் பணி 2025 செப்டெம்பரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் மைதானம் இல்லாத ஊரின் பெயர் மட்டும் விலை போயிற்றே! பெயரை விற்பதற்கு மைதானம் தேவைப்படவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் துடிக்கும் நெஞ்சங்கள் இருந்தன, அவை போதுமாயிருந்தன. தம்புள்ளை அணியின் கதை இன்னும் சுருக்கம். 2024 மே மாதத்தில் அதன் உரிமையாளர் ஆட்டச் சூது தொடர்பான குற்றச்சாட்டில் கைதானார். சில வாரங்களில் வேறு முதலாளி, வேறு பெயர். ரசிகன் மட்டும் பழைய ஆள்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நம் உறவினரின் நிலையும் இதுவே. சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணியை நீதிபதி லோதா குழு 2015 இல் ஈராண்டு விலக்கி வைத்தது. அணி மீண்டும் வந்த 2018 இல் காவிரிக் கிளர்ச்சியின் காரணமாக ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. அப்போது ஆயிரம் அளவிலான ரசிகர்கள் தனித் தொடர்வண்டியில் ஏறிப் புனே சென்றார்கள். குற்றம் செய்தவர் எவரோ. ஈராண்டு பட்டினி கிடந்தவர் இவர்கள். ஆனாலும் வண்டி ஏறினார்கள். இந்த அன்பை ஏளனம் செய்வோருடன் எமக்கு உடன்பாடில்லை. ஏமாந்தவனை எள்ளி நகையாடுவது எளிது. அந்த அன்புக்கு உரிய மதிப்பைப் பெற்றுக் கொடுப்பதுதான் கடினம்.

இவை சந்தையிலே பிறந்த பிள்ளைகள். சந்தைக் குணம் காட்டுகின்றன என்று விட்டுவிடலாம். கல்லூரி ஆட்டம் அத்தகையதன்று. யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமரை எந்த முதலாளியும் உண்டாக்கவில்லை. போர் நடந்த காலத்தில் தடைப்பட்டும் தள்ளாடியும் அது உயிரோடிருந்தது. இலண்டனிலும் தொரன்ரோவிலும் பனியில் நிற்கும் பழைய மாணவன் பங்குனி மாதத்தில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டக் கணக்குக் கேட்கிறான். ஆடுபவன் பத்தொன்பது வயதுக்குட்பட்ட மாணவன். நாளை அவன் ஆசிரியனாகலாம், கமக்காரனாகலாம். அவனை ஏலத்தில் எடுக்க முடியாது. அதனாலேயே அந்தப் பற்று தூய்மையாக இருந்தது.

இருந்தது என்றா சொல்கிறோம்? ஆம், கொஞ்சம் அச்சத்தோடுதான் சொல்கிறோம். கொழும்பு, கண்டிக் கல்லூரிகளின் றக்பி ஆட்டத்தைப் பாருங்கள். றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945 முதல் ஆடி வருகின்றன. பாடசாலை றக்பி இன்று தொலைக்காட்சியும் விளம்பர நிறுவனங்களும் ஊதியப் பயிற்சியாளரும் சூழ்ந்த பெருந்தொழில். பழைய மாணவரின் பணமும் பெருமையும் சேர்ந்து வெற்றியைக் கேட்கின்றன. வெற்றிக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சிறிய பாடசாலைகள் இருக்கவே இருக்கின்றன. நாட்டுப்புறத்தில் முளைத்த வீரனைக் கடைசி ஈராண்டுக்கு அழைத்துத் தன் சீருடையை அணிவிப்பது நாடறிந்த வழக்கமாகிவிட்டது. றக்பியில் கண்டது துடுப்பாட்டத்துக்கும் உதைபந்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் பரவ எத்தனை நாள் செல்லும்?

இந்த வழி எங்கே போய் முடியும் என்று காண விரும்புவோர் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே கால்பந்து என்பது நம் உதைபந்தாட்டமன்று; தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையிலேந்தி மோதும் ஆட்டம். பல்கலைக்கழக மாணவர் ஆடும் அவ்வாட்டத்துக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரும் மைதானங்கள் உண்டு. பல மாநிலங்களில் அரச சம்பளப் பட்டியலின் முதலிடம் ஆளுநருக்கன்று, பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு. இத்தனை பணம் புரண்டும், ஆடிய மாணவனுக்கு மட்டும் நெடுங்காலம் படிப்புச் செலவுக்கு மேல் ஒன்றுமில்லை. பணம் கொடுத்தால் விளையாட்டின் புனிதம் கெட்டுவிடும் என்றனர் நிருவாகிகள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை! 2021 சூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாக, படிப்போடு சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் விதித்திருந்த எல்லைகள் போட்டிச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்த்தனர். 2025 சூனில் மற்றொரு வழக்கின் இணக்கத் தீர்வு அங்கீகரிக்கப்பட்டது. பழைய ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய 280 கோடி டொலர். இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 2 கோடி 5 இலட்சம் டொலர் அளவில் தன் வீரருக்குப் பகிரலாம்.

உழைத்தவனுக்குக் கூலி கிடைத்தது. சட்டம் படித்தவன் என்ற முறையில் இத்தீர்ப்புகளை வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கூலி யார் பையிலிருந்து வந்தது? தெனசி பல்கலைக்கழகம் 2025 ஆம் ஆண்டுப் பருவச் சீட்டைப் புதுப்பிப்போரிடம் திறமைக் கட்டணம் என்ற பெயரில் நூற்றுக்குப் பத்து மேலதிகமாகக் கேட்டது. முதலாளியின் இலாபம் குறையவில்லை; ரசிகனின் பற்று ஏறிற்று. இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். 1915 இல் மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்த பழம்பெரும் கூட்டமைப்பிலிருந்து 2024 இல் பன்னிரண்டில் பத்து, தொலைக்காட்சிப் பணத்தை நாடி வெளியேறின. இன்று பசிபிக் கரையின் லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம் அத்திலாந்திக் கரையின் நியூ சேர்சிப் பல்கலைக்கழகத்தோடு ஒரே கூட்டமைப்பில் இருக்கிறது. அயலூர்ப் பகையும் உறவுமாக நூறாண்டு வளர்ந்த ஆட்டங்கள் கலைந்தன. ரசிகரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை.

கேட்கவேண்டிய கடமை சட்டத்தில் இல்லை என்பதே உண்மை. ஒரு கடையை விற்கும்போது தட்டுமுட்டுச் சாமானுக்கு மட்டுமா விலை பேசுகிறோம்? அதன் நற்பெயருக்கும் வாடிக்கைக்கும் தனி விலையுண்டு. அணியை விற்கும்போது விலைபோவது பெரும்பாலும் அந்த வாடிக்கையே. அதாவது நம் விசுவாசமே. வீரனுக்கு ஒப்பந்தம் உண்டு, முதலாளிக்கு உறுதி உண்டு, விளம்பரக்காரனுக்குக் கையெழுத்து உண்டு. விற்கப்படும் பொருளைத் தன் நெஞ்சில் விளைவித்தவன் மட்டும் வழக்கு மன்றத்தில் மூன்றாம் ஆள்.

எனினும் சட்டம் தராததைச் சங்கம் சேர்ந்து பெற்றவர் உண்டு. இலண்டன் விம்பிள்டன் கழகத்தை ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்ரன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக 2002 மே மாதத்தில் அனுமதி கிடைத்தது. ரசிகர் என்ன செய்தார்கள்? அழுதுகொண்டு பின்னால் போகவில்லை. சில வாரங்களுக்குள் தாங்களே பங்காளராகி ஒரு புதிய கழகத்தை அடிமட்டத்தில் தொடங்கினார்கள். 2011 இல் அது முதன்மைப் போட்டிப் பிரிவுகளுக்குள் ஏறிற்று. 2020 இல் தன் பழைய தெருவிலேயே புதிய மைதானம் கண்டது. செருமனியில் 1998 முதல் கழகத்தின் வாக்குரிமையிற் பாதிக்கு மேல் உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி. அங்கே ஒளிபரப்பு வருவாயின் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க முயன்றபோது ரசிகர்கள் மைதானத்துக்குள் ரெனிஸ் பந்துகளை வீசி வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ரெனிஸ் பந்து! ஒரு கண்ணாடி உடையாமல், ஒரு தலை காயப்படாமல் பெற்ற வெற்றி. சத்தியாக்கிரகம் பற்றி மேடையில் முழங்கும் நம்மவர் கற்கத்தக்க பாடம். (கட்சிப் பற்று எவ்வாறு விலைபோகிறது என்பதை எழுதப் புகுந்தால் இந்த ஏட்டின் பக்கங்கள் போதா, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

இனி நம் ஊருக்கு வருவோம். வெருகலாற்றின் கரையில், 2004 இல் கடல் ஏறி, 2006 இல் போர் துரத்தி, 2007 இல் திரும்பி வந்த மக்கள் வாழும் பற்று இது. இங்கே பெரிய கல்லூரியும் இல்லை, பெரும் பணமும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு பந்தடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் விளைவிக்கும் நெல் பொலனறுவை ஆலைக்குப் போய், வேறு பெயர் பொறித்த பையில் நம் கடைக்கே திரும்பி வருவதைக் கமக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நல்ல வீரன் ஒருவன் இங்கே தோன்றினால் அவன் கதையும் இதுவே. வெறுங்காலில் ஓடியது இங்கே. சப்பாத்து அணிந்தது நகரத்தில். பத்திரிகையில் வந்தது நகரக் கல்லூரியின் பெயர்.

அப்படியானால் ஏழைப் பிள்ளையின் வாய்ப்பைத் தடுப்பதா என்று கேட்பார்கள். ஒருபோதுமில்லை. போகட்டும், நல்ல பயிற்சியும் நல்ல படிப்பும் பெறட்டும். பிள்ளையை ஊரின் உடைமையென்று கருதும் பற்று, பற்றன்று, அடிமைச் சாசனம். ஆனால் அழைத்துப் போகிறவர்கள் இரண்டுக்குக் கட்டுப்பட வேண்டும். முதலாவது, காலுடைந்து ஆட முடியாமற் போனாலும் அவன் படிப்பு முடியும்வரை விடுதியும் செலவும் நிற்கக் கூடாது; இதனைப் பெற்றோர் கையில் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி மகனை அனுப்பிய தாய்மார் பின்னர் கடிதக் கட்டோடு வந்து நிற்பதைச் சட்டத்தரணிகள் காணாததன்று. மற்றையது, வளர்த்த பாடசாலைக்கு ஒரு பங்கு. இது நான் கற்பனை செய்ததன்று. உலக உதைபந்தாட்டச் சம்மேளன விதியின்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரன் பன்னாட்டு அளவில் கைமாறும்போது அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து, அவனைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். கோடிகளைப் புரட்டும் சந்தையே வளர்த்தவனுக்கு ஐந்து விழுக்காடு உண்டென்று ஒப்புக்கொள்கிறது. சந்தையைவிடத் தூயவை என்று சொல்லிக்கொள்ளும் கல்லூரிகள் வளர்த்தவனுக்குத் தருவது என்ன? பணமாகக் கொடுக்க வேண்டாம். பந்தாக, வலையாக, பயிற்சியாளரின் பயணச் செலவாக, மைதானத்துக்கு நாலு வண்டி மண்ணாகக் கொடுக்கலாமே!

கல்வி அமைச்சு விதி செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் யாப்புள்ள சங்கங்கள். அவற்றின் பொதுக்கூட்டத்தில் வாக்குரிமை உள்ளவர்களுள் இந்த ஏட்டை வாசிக்கும் மருத்துவரும் பொறியியலாளரும் ஆசிரியரும் உள்ளனர். அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, முறைப்படி, தலைவர் ஊடாக இரண்டு வினா எழுப்புங்கள். கடந்த ஐந்தாண்டில் நம் அணிகளில் ஆடியவருள் பத்தாம் வகுப்புக்குப் பின் வேறு பாடசாலையிலிருந்து சேர்க்கப்பட்டவர் எத்தனை பேர்? அந்தப் பாடசாலைகளுக்கு நாம் அனுப்பியது யாது? ஒன்றுமில்லை என்பது விடையானால், அந்த விடையைக் கூட்டக் குறிப்பிற் பதியச் சொல்லுங்கள். பதிந்த குறிப்பின் படியொன்றைக் கேட்டு வாங்கி, பிள்ளை புறப்பட்ட ஊரின் அதிபருக்கு அனுப்பி வையுங்கள்.