விருந்தினராகும் பயணி

நுழையும்முன்

விடுமுறை என்றதும் தொலைவிலுள்ள மலை நகரங்களே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய ஆற்றங்கரையும் குன்றும் கடலோரச் சிற்றூரும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினக் கடற்கரைக்குச் செல்லும் பயணத்தை முன்வைத்து, நல்ல பயணி என்பவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பார்க்கப்படும் ஊர்

காஞ்சிபுரம் நெடுங்காலமாகப் பிறரால் பார்க்கப்படும் ஊர். பல்லவர் காலமாகிய 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இந்நகருக்கு வந்தார். இன்றும் கைலாசநாதர் கோவிலையும் ஏகாம்பரநாதர் கோவிலையும் வரதராசப் பெருமாள் கோவிலையும் காண நாள்தோறும் மக்கள் வருகின்றனர். நடை சாத்தப்படும் நண்பகல் வேளையில் அவர்களுள் பலர் பட்டு நெய்யும் தெருக்களை நாடுகின்றனர்.

அவ்வாறு வருபவர்களை நெசவாளர் இரு வகையாகப் பிரித்து அறிவர். முதல் வகையினர் வாயிலில் நின்றபடியே தறியைப் படம் எடுப்பர். சேலையின் விலையைக் கேட்பர். கடையில் இதைவிடக் குறைவு என்று கூறிவிட்டு நகர்வர். தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் முகம் அவர்கள் நினைவில் தங்குவதில்லை. இரண்டாம் வகையினர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்பர். ஒரு தறியில் இருவர் ஏன் அமர்ந்திருக்கின்றனர் என்று வினவுவர். சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் அமையும் கோர்வை வேலைப்பாட்டில் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும் என்பதையும், கரைப்பக்க நாடாவை எறிவதற்கே துணையாள் தேவை என்பதையும் கேட்டறிவர். சேலை வாங்காமல் அவர்கள் திரும்பினாலும் அந்த வீட்டில் அவர்களைப் பற்றிய நல்ல பேச்சு மிஞ்சும்.

பார்க்கப்படுவது எத்தகையது என்பதை இவ்வாறு அன்றாட வாழ்வில் உணர்ந்த ஊரின் பிள்ளைகளே விடுமுறையில் பயணிகளாகின்றனர். அப்போது அவர்கள் எந்த வகையினராக இருக்கப்போகின்றனர்? தம் வீட்டு வாயிலில் எத்தகைய விருந்தினரை விரும்புகின்றனரோ, அத்தகைய விருந்தினராகவே பிற ஊருக்குச் செல்ல வேண்டும். பயணத்தின் முதல் இலக்கணம் இதுவே. இதனைக் கற்றுக்கொள்வதற்குத் தொலைவைவிட அண்மையே ஏற்ற பள்ளி.

ஆறு காட்டும் வழி

காஞ்சிபுரத்திலிருந்து கிழக்கே கடல் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும்வரை, இப்பயணத்தின் ஊர்கள் யாவும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. எல்லைக்கோடு மாறினாலும் இவ்வூர்களை இணைக்கும் பாலாறு மாறவில்லை. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கடக்கிறது. வயலூர் அருகே கடலில் கலக்கிறது.

ஆற்றின் போக்கில் முதலில் எதிர்ப்படுவது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் என்பதால் பெற்ற பெயர் அது. அங்குள்ள பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழரின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. நோயாளர் தங்குவதற்கு 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலை, மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றை அது பட்டியலிடுகிறது. மாணவர்கள் தங்கிப் படித்ததையும் குறிப்பிடுகிறது. ஆற்றின் எதிர்க்கரையில் குன்றை ஒட்டி அமைந்துள்ளது பழைய சீவரம். தைப் பொங்கலை ஒட்டி நடைபெறும் பாரிவேட்டையின்போது காஞ்சி வரதர் இங்கு எழுந்தருள்கிறார். ஆண்டுக்கொரு முறை அண்டை ஊருக்குச் சென்று வருவது இறைவனுக்கும் உரிய வழக்கம் என மக்கள் கருதினர் போலும்!

இத்தனை செய்திகளும் காஞ்சிபுரத்திற்கு மிக அருகிலேயே உள்ளன. ஆயினும் பாலத்தின்மீது விரையும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் வறண்ட மணற்பரப்பு மட்டுமே. அண்மையில் இருப்பது அறியப்பட்டதாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

குன்றில் எழுதிய பெயர்கள்

செங்கல்பட்டைக் கடந்ததும் திருக்கழுக்குன்றம் எழுந்து நிற்கிறது. உச்சியில் வேதகிரீசுவரர் கோவில். அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோவில். தேவாரம் பாடிய மூவரும் போற்றிய தலம் இது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறும்போது மூச்சு வாங்கும். இடையிடையே நிற்க வேண்டியிருக்கும். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கீழே குளமும் வயலும் தெருவும் சற்றே விரிந்து தெரியும். நாள் முழுவதும் தறியில் குனிந்திருக்கும் உடலுக்கும், நூலில் குனிந்திருக்கும் மாணவர் உடலுக்கும் இதனைவிட நல்ல ஓய்வு வேறில்லை.

இக்குன்றில் மனிதர் விட்டுச்சென்ற எழுத்துகள் இரண்டு வகையின. திருக்கழுக்குன்றக் கோவிலின் பழைய கல்வெட்டு ஒன்று, கந்தசிஷ்யன் என்னும் பல்லவ மன்னன் அளித்த நிலக்கொடையை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையரும் தொடர்ந்து காத்தார் எனக் கூறுகிறது. சோழ மன்னன் முதலாம் ஆதித்தன் அதனை மீண்டும் உறுதிசெய்தான். கொடுத்தவர் ஒருவர், காத்தவர் மற்றொருவர், அரசமரபே மாறிய பின்னும் மதித்தவர் வேறொருவர். முன்னோர் செய்த நன்மையை அழியாமல் கைமாற்றிய வரலாறு இது.

மலைவழியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து அமைத்த ஒருகல் மண்டபம் உள்ளது. இங்கே காணப்படும் எழுத்து வேறு வகையினது. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள், இக்குன்றுக்கு உலா வந்து தம் பெயர்களை மண்டபத்தில் பொறித்துச் சென்றனர். கடலோர ஊரில் தங்கி, அருகிலுள்ள மலையைக் காணச் செல்லும் விருப்பம் இன்று தோன்றியதன்று என்பதை அப்பெயர்கள் காட்டுகின்றன. வந்தேன் என்று எங்கேனும் எழுதி வைக்கும் ஆசையும் பழையதே.

அவர்கள் கிறுக்கியது இன்று வரலாறாகவில்லையா, இன்றைய இளைஞர் கிறுக்கினால் மட்டும் குற்றமா என்று சிலர் கேட்கக்கூடும். காலம் ஒரு பிழையைச் சான்றாக மாற்றலாம். அதனால் பிழை நெறியாகிவிடாது. மண்டபத்தைக் குடைந்த சிற்பியின் பெயர் அங்கே இல்லை. ஒரு நாள் வந்தவர்களின் பெயர்கள் உள்ளன. இந்த முரணே பயணிக்குப் போதுமான பாடம். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. எனினும், சட்டத்திற்கு அஞ்சி நிற்கும் கையைவிட, கல்லைச் செதுக்கியவரை மதித்து நிற்கும் கையே உயர்ந்தது.

இம்மலைக்குப் பெயர் தந்தவை கழுகுகள். நண்பகலில் இரண்டு பறவைகள் வந்து, அர்ச்சகர் தரும் உணவை உண்டு செல்வதைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டனர். 1990களின் இறுதியில் அவ்வருகை நின்றுபோயிற்று. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடல்வழியே சென்று இந்தியாவின் பாறுக் கழுகுகளைப் பெருமளவில் அழித்தது. 2006ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்தில் அதன் பயன்பாட்டை அரசு தடைசெய்தது. கழுகு வராத கழுக்குன்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கும் மாணவர், எந்தப் பாடநூலும் தர இயலாத ஒன்றை உணர்வர். ஓர் ஊரின் பெயர் நிலைத்திருக்க, அப்பெயருக்குக் காரணமான உயிர் மறைந்துவிடக்கூடும்.

கடலோரச் சிற்றூர்

குன்றிலிருந்து கிழக்கே சென்றால் சதுரங்கப்பட்டினம். ஐரோப்பியர் நாவில் இது ‘சத்ராஸ்’ ஆயிற்று. இப்பகுதியில் நெய்த மெல்லிய பருத்தித் துணிகளுக்காகவே டச்சுக்காரர்கள் இங்கு நிலைகொண்டனர். கடலை நோக்கி அவர்கள் எழுப்பிய செங்கற்கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே, நுண்ணிய வேலைப்பாடுகள் கொண்ட கல்லறைப் பலகைகள் இருக்கின்றன. 1782ஆம் ஆண்டு பிப்ரவரியில் இக்கடலில்தான் ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியாவிலிருந்த டச்சுக் குடியிருப்புகள் ஆங்கிலேயர் வசமாயின. தறியில் ஓடிய நூலே கடல் கடந்த வணிகரை இங்கு ஈர்த்தது என்பதை அறியும் காஞ்சிபுரத்து மாணவருக்கு இக்கோட்டை அயலாரின் இடிபாடாகத் தோன்றாது.

கோட்டையோடு திரும்பிவிடுபவர் ஊரைக் கண்டவராகார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிகளின் கோடை விடுமுறையும் அக்காலத்தை ஒட்டியே வருகிறது. மாணவருக்கு ஓய்வுக்காலம், மீன்வளத்திற்குப் பெருக்கக்காலம், மீனவருக்கோ படகையும் வலையையும் பழுதுபார்க்கும் காலம். மணலில் அமர்ந்து அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிபவரின் விரல்களைப் பார்க்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, அறுந்த பாவு இழையைப் பிணைக்கும் தன் தாயின் விரல்களை நினைவுகொள்வது உறுதி. இரண்டும் நூலை நம்பிய தொழில்கள். இரண்டிலும் உழைப்பவருக்கும் விலை சொல்பவருக்கும் இடையே தொலைவு மிகுதி.

இக்கரை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்டது. நகரத்துப் பயணிக்குக் காட்சியாக இருக்கும் அலை, கரையில் வாழ்பவருக்கு வயலும் அச்சமும் ஆகும். ஆகவே படகின்மீது ஏறி நின்று படம் எடுப்பதற்கு முன் படகுக்கு உரியவரிடம் கேட்பது கடமை. தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட வரும் மணலில் நெகிழிக் குப்பையை விட்டுவராமை அதனினும் பெரிய கடமை.

தொலைவும் அண்மையும்

தொலைதூரப் பயணம் கூடாது என்பது இதன் பொருளன்று. பிற நாடுகளையும் மாநிலங்களையும் காண்பது அறிவை வளர்க்கும். ஆனால், எல்லோரும் ஒரே சில இடங்களுக்கு ஒரே காலத்தில் செல்வதால் விளையும் கேடு கண்கூடு. உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் உதகமண்டலத்திற்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்னனுமதிச் சீட்டு தேவையாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் இத்தாலியின் வெனிசு நகரம், ஒருநாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. வருபவரை வரவேற்ற ஊர்களே வாயிலில் காவல் வைக்கும் நிலைக்கு வந்துள்ளன.

அப்படியானால் சிற்றூர்களுக்கும் கூட்டத்தை அனுப்பி அவற்றையும் கெடுக்க வேண்டுமா என்னும் வினா நியாயமானது. அதற்கான விடை எண்ணிக்கையில் மட்டும் இல்லை, நடத்தையிலும் உள்ளது. அரசுப் பேருந்தில் சென்று, அவ்வூர்ச் சிற்றுண்டிக் கடையில் உண்டு, அவ்வூராரிடம் வழிகேட்டு, கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவரும் பத்துப் பேரால் ஊர் கெடாது. விடுமுறை ஓய்வுக்கானது, ஆய்வுக்கானதன்று என்போரும் உண்டு. ஒருவரோடு நின்று பேசுவது எந்நாளும் ஓய்வைக் கெடுத்ததில்லை. ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்த்துவிடும் விரைவே களைப்பைத் தருகிறது.

விருந்து என்னும் சொல்

விருந்து என்பதற்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாக வருபவர் விருந்தினர் ஆனார். வருபவரைப் பேணுதல் இல்லத்தாரின் கடமை எனத் தமிழ் அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. வருபவருக்கும் கடமை உண்டு என்பதைச் சுற்றுலாப் பெருகிய இக்காலம் சேர்த்துப் பேச வேண்டும்.

மாலையில் காஞ்சிபுரம் திரும்பும் மாணவரின் தெருவில் மறுநாளும் வெளியூர்ப் பயணிகள் வந்து நிற்பர். தறியோசையைக் கேட்டு யாரேனும் வாயிலில் தயங்கினால், உள்ளே வாருங்கள் என்று அழைக்கும் குரலில் முந்தைய நாள் பயணத்தின் பயன் தெரியும். விருந்தினராக இருக்கக் கற்றவரே விருந்தோம்பவும் அறிவர்.

தெரியுமா?

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைப் பாணனுக்குக் காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல் 500 அடிகளை உடையது. வழியிலுள்ள ஒவ்வொரு நிலத்து மக்களும் அளிக்கும் உணவையும், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தையும், கலங்கரை விளக்கத்தையும் இந்நூல் விவரிக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய குன்று, ஆற்றங்கரை அல்லது கடற்கரை ஒன்றைத் தேர்ந்து, அங்கு வாழும் ஒருவரின் தொழிலைக் கேட்டறிந்து எழுதுக.

2. ‘காலம் ஒரு பிழையைச் சான்றாக மாற்றலாம்; அதனால் பிழை நெறியாகிவிடாது’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊருக்கு வரும் பயணிகள் பின்பற்ற வேண்டிய ஐந்து நெறிகளை எழுதி, அவற்றை நீங்கள் பிற ஊர்களில் பின்பற்றியதுண்டா எனச் சிந்திக்க.