புரொஜெக்டரை எறிந்துவிடாதீர்கள்

சென்ற வருடம் இலண்டனிலிருந்து எனக்கு ஒரு பெட்டி வந்தது. சித்தப்பா காலமான பின்னர் அவருடைய வீட்டை ஒழித்த பிள்ளைகள், இது அண்ணாவிடம்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே ஒரு சுப்பர் 8 புரொஜெக்டரும் ஐந்து சிறிய றீல்களும் இருந்தன. 1973ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த சித்தப்பா, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் எடுத்த படங்கள் அவை. இங்கிலாந்துக்குத் திரும்பியதும் ஹெமல் ஹெம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த கொடாக் ஆய்வுகூடத்துக்கு அஞ்சலில் அனுப்பிக் கழுவி எடுத்திருந்தார்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கள் குடும்பத்தினர் விட்டுவந்த வீட்டில் புகைப்பட அல்பங்களும் இருந்தன. பின்னர் போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, அல்பங்களும் இல்லை. ஐயாவின் படமென்று என்னிடம் எஞ்சியிருந்தது அடையாள அட்டையில் உள்ள ஒன்றுதான். ஆகவே அந்தப் பெட்டி எனக்கு எதுவாக இருந்தது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன் நான். எதையும் சரிபாராமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று இளையவர்களுக்குப் போதித்தவன். அப்படிப்பட்டவன் அன்றிரவே புரொஜெக்டரின் பிளக்கைச் சுவரில் சொருகினேன்.

விளக்கு எரிந்தது. மோட்டர் முனகியது. சுவரில் ஐயா திண்ணையிலிருந்து இறங்குவதற்கு ஒரு காலை எடுத்து வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தோளருகே ஒரு பழுப்புப் புள்ளி தோன்றிக் குமிழாகி விரிந்தது. நான் பதறிப்போய் ஆளியை அணைத்துவிட்டு, பிலிமைப் பிடித்து இழுத்தேன். அதுதான் பெரும் பிழை. பிலிமின் ஓரத்துளைகள் இரண்டடி நீளத்துக்குக் கிழிந்துபோயின. சுப்பர் 8 பிலிமில் ஓரடிக்கு 72 சட்டங்கள். வினாடிக்கு 18 சட்டங்கள் ஓடும். ஆக, நான் கிழித்தது எட்டு வினாடி. ஐந்து றீல்களையும் சேர்த்தாலே பதினாறு நிமிடமும் நாற்பது வினாடியுந்தான்.

என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. புரொஜெக்டரில் ஒரு சிறு நகம் ஓரத்துளையில் மாட்டிப் பிலிமைச் சட்டம் சட்டமாகக் கீழே இழுக்கிறது. ஒவ்வொரு சட்டமும் வினாடியின் ஒரு சிறு பங்குக்கு மாத்திரமே விளக்கின் முன்னால் நிற்கிறது. ஆறு மில்லிமீற்றர் அகலம்கூட இல்லாத அந்தச் சட்டத்தின்மீது நூறு வற்று மின்குமிழின் வெளிச்சம் முழுவதும் குவிகிறது. அசைந்துகொண்டிருக்கும் வரை ஆபத்தில்லை, நின்றால் கருகும். என் இயந்திரத்தில் மோட்டரின் விசையைக் கடத்தும் றப்பர் சில்லு வயதாகி இறுகி வழுக்கிவிட்டது. மோட்டர் சுழன்றது, பிலிம் நகரவில்லை. வேறு மாதிரிகளில் சில்லுக்குப் பதிலாக றப்பர் பட்டி இருக்கும். பல வருடம் கிடந்தால் அது தார்போல உருகி ஒட்டிக்கொள்ளும், அல்லது மொறுமொறுத்து உடைந்துவிடும். உள்ளே பூசிய கிறீஸ் மெழுகாகிவிடும். சிலவற்றில் பிளாத்திக்குப் பற்சில்லு வெடித்துவிடும். வெளியே பெட்டி பளபளப்பாக இருப்பதில் ஓர் அர்த்தமும் இல்லை.

அதன் பின்னர் தொடங்கியது திருத்துபவரைத் தேடும் படலம். ஒய்மிக் என்ற ஒஸ்திரிய நிறுவனம் இந்த வகைப் புரொஜெக்டர்களை உலகெங்கும் விற்றது. 1980களின் தொடக்கத்தில் அது வங்குரோத்தாகிவிட்டது. மற்றைய பெரிய பெயர்களும் வேறு தொழில்களுக்குப் போய் வெகுகாலம். ஆகவே முகவர் நிலையம், உதிரிப்பாகக் கடை என்ற பேச்சுக்கே இடமில்லை. புறக்கோட்டையில் ஒருவர், இதை இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றச் சொன்னார். இன்னொருவர் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, இரண்டு திருகாணி குறைவாகத் திருப்பித் தந்தார்.

முதலாமவர் சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. பிரதி எடுக்கத்தான் வேண்டும். கொடாக்குரோம் பிலிம் இருட்டில் இருந்தால் பல பத்தாண்டுகள் நிறம் மங்காது. ஆனால் புரொஜெக்டர் வெளிச்சத்தில் திரும்பத் திரும்பக் காட்டினால் மங்கும். எனவே பிரதி எடுத்துத் தரும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். உள்ளறையை எட்டிப் பார்த்தபோது, என்னுடையதைவிடப் பழைய ஒரு புரொஜெக்டர் வெள்ளை அட்டையில் படத்தை வீச, எதிரே ஒரு கமரா அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிலிம் செல்லும் வாயிலில் விரலால் எழுதக்கூடிய அளவுக்குத் தூசி. றீல்களைக் கையில் பிடித்தபடியே திரும்பிவிட்டேன்.

புரொஜெக்டர் திருத்துவதைப் பழைய சாமான் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பற்கள் இல்லாமல் பிலிமை மெதுவாக இழுத்துச் சட்டம் சட்டமாகப் படியெடுக்கும் நல்ல கருவிகள் உண்டு. அவை எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத ஊரில் டிஜிட்டல் பிரதிகூட ஒரு பழைய புரொஜெக்டருக்கூடாகத்தான் வரவேண்டியிருக்கிறது. அந்த இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டு, சீராக ஓட வைக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் பிரதியும் கிழிசல்தான். பிரதியை நம்பிப் பிலிமை எறிவதும் புத்தியல்ல. சித்தப்பா 1990களில் இதே றீல்களை வீடியோ நாடாவில் பிரதி எடுத்தார். அந்த நாடா இன்று பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. வீஎச்எஸ் கருவி செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பிலிமோ, நான் கிழித்த இடத்தைத் தவிர, புதிதுபோல இருக்கிறது.

கடைசியில் எனக்குக் கிடைத்தவர் தெகிவளையில் இருக்கும் ஒரு முதியவர். ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று 16 மில்லிமீற்றர் படம் காட்டிய வாகனங்களின் புரொஜெக்டர்களைப் பராமரித்தவர். நான் அவரை நானா என்று அழைப்பேன்.

"தம்பி, இதைக் கையால சுத்திப் பாத்தீங்களா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. இல்லை என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிளக்கைத் தொடாமல் முதலில் கையால் சுற்றிப் பார்த்தார். பழைய கிறீஸை ஸ்பிரிட்டால் கழுவினார். இறுகிய சில்லை நுண்ணிய மண்தாளால் தேய்த்துப் பார்த்து, அது போதாதென்று கண்டு, விட்டமும் தடிப்பும் அளந்து புதிய றப்பர் வளையம் ஒன்றைப் பொருத்தினார். தண்ணீர்க் குழாய்ச் சாமான் கடையில் வாங்கிய வளையம் அது! மின்குமிழ் கிடைக்காது என்று பயந்திருந்தேன். அதே 12 வோல்ற், 100 வற்றுக் குமிழ் ஆய்வுகூட ஒளிக்கருவிகளிலும் பாவனையில் இருப்பதால் அந்தக் கடைகளில் கேட்கச் சொன்னார், கிடைத்தது. கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்தார். பின்னர் வெற்று இயந்திரமாக அரை மணி நேரம் ஓடவிட்டார். அடுத்து, வீணான பிலிம் ஒன்று. என் றீல் இரண்டு கிழமை கழித்துத்தான் ஏறியது. கிழிந்த பகுதியைத் துளையிட்ட ஒட்டுநாடாவால் பொருத்தியதில் எட்டு வினாடியில் ஐந்து மீண்டது. மூன்று வினாடி போனது போனதுதான்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் தங்கள் இயந்திரத்தை இங்கே அனுப்பினால் திருத்தலாமா என்று கேட்பதுண்டு. அனுப்பாதீர்கள். அங்குள்ளவை 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தவை. மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்குமே தவிர 50 ஹேர்ட்ஸை மாற்றாது. அதை நம்பிச் சுழலும் மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். இருக்கும் ஊரிலேயே தேடுங்கள். தேடுமுன் டின்னைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணத்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கிய பிலிமை எந்தப் புரொஜெக்டரிலும் ஏற்றாமல் நேரே நல்ல படியெடுப்பவரிடம் கொடுங்கள். திருத்த வந்தவர் மாதிரி இலக்கத்தைக் கேளாமலே விலை சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் அச்சுக்கூடத்தில் லைனோரைப் இயந்திரங்களை ஒலியை வைத்தே பழுது கண்டுபிடிக்கும் ஒருவர் இருந்தார். ஓவ்செற் வந்தபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அவரை அனுப்பிவைத்தோம். அவருக்குத் தெரிந்ததை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நூறு பேர் இருந்த கட்டடத்தில்!

நானாவுக்கு 79 வயது. தொழில் பழக யாரும் வரவில்லை. போன மாதம் அவரிடம் அமர்ந்து, வளையத்தின் விட்டம், தடிப்பு, குமிழின் இலக்கம், எண்ணெயிடும் ஐந்து இடங்கள் எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். எழுதிய தாளை அவர் வாங்கிப் பார்த்து, ஒரு அளவைத் திருத்தித் தந்தார். அதைப் புரொஜெக்டர் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன்.