சனிக்கிழமை வக்கீல்கள்

தாராவியில் ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்கிவிடும். ரேஷன் கார்டு, மின்சார ரசீது, வாக்காளர் பட்டியலின் நகல், போட்டோ பாஸ், ஆதார், சயான் மருத்துவமனையில் பிள்ளை பிறந்தபோது கொடுத்த சீட்டு. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் பரணுக்கு ஏறுவது இந்தப் பைதான். அரிசி மூட்டைக்கு அதற்கு அப்புறம்தான் இடம்.

அந்தப் பைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. முத்துலட்சுமி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். மகாராஷ்டிரத்தில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், 'ஆட்நாவ்' என்று மூன்று கட்டம் இருக்கும். நமக்கு ஏது ஆட்நாவ்? ரேஷன் கடைக்காரர் அப்பா பெயரை அங்கே எழுதினார். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர் கணவர் பெயரை எழுதினார். ஆதாரில் வெறும் இனிஷியல். மின்சார ரசீதோ செத்துப்போன மாமனார் பெயரில். ஆக, ஒரே வீட்டில் நாலு பேர் குடியிருக்கிறார்கள். நாலு பேரும் முத்துலட்சுமி.

இது சிரிப்பதற்கான விஷயம் இல்லை. தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டரை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது. அறிவிக்கப்பட்ட விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தள வீட்டில் குடியிருப்பதை நிரூபித்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அந்தத் தேதிக்கும் 2011 ஜனவரி 1-க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்குப் பின் வந்தவர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் வாடகை, தவணை என்று வேறு கணக்கில் வருவார்கள். அவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான். பழைய ரேஷன் கார்டில் இருக்கும் முத்துலட்சுமியும் ஆதாரில் இருக்கும் முத்துலட்சுமியும் ஒருவரே என்று அதிகாரி ஒப்புக்கொள்ளாவிட்டால், அவர் இரண்டாம் கணக்குக்கோ மூன்றாம் கணக்குக்கோ தள்ளப்படலாம். பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுவேலை செய்யும் நாலு வீடுகள், அப்பளம் போட்டு விற்கும் கடை எல்லாமே இந்தப் பக்கம் இருக்க, இவர் எங்கோ ஓர் ஓரத்துக்குப் போக வேண்டும்.

இதைச் சரிசெய்ய மேதாவி வக்கீல் வேண்டியதில்லை. ஒழுங்காக எழுதிய ஒரு பிரமாணப் பத்திரம், தேவைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, பழைய வாக்காளர் பட்டியலைத் தேடியெடுக்க 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. மூன்றாம் வருடச் சட்ட மாணவர் செய்யக்கூடிய வேலை. செய்து பழக வேண்டிய வேலையும்கூட. ஆனால் இதற்குத்தான் ஏஜெண்டுகள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்கிறார்கள்.

சட்ட மாணவர்கள் எங்கே? தேடி அலைய வேண்டாம். செம்பூரில் சட்டக் கல்லூரி இருக்கிறது. மாட்டுங்கா பக்கம் இருக்கிறது. சர்ச்கேட்டில் 1855-ல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது; 1935-ல் அதன் முதல்வராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். அவர் வீடு கட்டிக் குடியேறிய தாதர் ஹிந்து காலனி மாட்டுங்காவை ஒட்டியதுதான். ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ஒரு சட்ட உதவி மையம் நடத்த வேண்டும், இறுதியாண்டு மாணவர்கள் அதில் வேலை செய்ய வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் வருட விதி. ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம் களப்பயிற்சி. நீதிமன்றத்தில் பார்த்ததையும் கட்சிக்காரரிடம் பேசியதையும் டைரியில் எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

டைரிகள் எழுதப்படுகின்றன. எப்படி எழுதப்படுகின்றன என்பதைப் பழைய மாணவர் யாரையாவது தனியே கேட்டால் சொல்வார். போகாத நீதிமன்றத்தில் பார்க்காத வழக்கின் குறுக்கு விசாரணை, சீனியரின் டைரியிலிருந்து அப்படியே ஜூனியரின் டைரிக்கு இறங்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் 'சட்ட விழிப்புணர்வு முகாமுக்கு'ப் போயிருந்தேன். தாராவியில் ஒரு கூடத்தில் நாற்பது பெண்கள். பேனர், குத்துவிளக்கு, பிஸ்கட், தேநீர். அடிப்படைக் கடமைகள் பற்றி ஒரு மாணவர் ஆங்கிலத்தில் பேசினார். இன்னொருவர் அதை இந்தியில் சொன்னார். பின்வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் கையில் பையுடன் உட்கார்ந்திருந்தார். பையைத் திறக்க அவருக்கு வாய்ப்பே வரவில்லை. ஐம்பது நிமிடத்தில் போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள்.

அதே தாராவியின் விளிம்பில் சயான் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருத்துவ மாணவர்கள் படிப்பது நிஜ நோயாளிகளிடம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேராசிரியர் கேள்வி கேட்பார், பையன் திணறுவான், நோயாளிக்கும் வைத்தியம் நடக்கும். சட்ட மாணவருக்கோ கற்பனை வழக்கு, கற்பனை கட்சிக்காரர், கோட்டு மாட்டிய மாதிரி நீதிமன்றம். கோப்பையும் கிடைக்கும். பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகுதான் முதல்முறையாக ஓர் ஏழை அவர் எதிரில் உட்காருகிறார். பரிசோதனை அப்போது நடக்கிறது.

குற்றம் மாணவர்கள் மேல் மட்டும் இல்லை. 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வழக்கறிஞர்தான் நீதிமன்றத்தில் வாதாட முடியும். ஒரு குறிப்பிட்ட வழக்கில் வேறொருவரை அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; அது அபூர்வம். அமெரிக்காவில் வழக்கறிஞர் சங்கம் 1969-லேயே ஒரு மாதிரி விதி வகுத்தது: மேற்பார்வைக்கு ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் நின்றால், மாணவர் ஏழைக் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். இங்கே வேடிக்கை என்னவென்றால் மேற்பார்வையிடும் ஆசிரியருக்கே கறுப்புக் கோட்டு கிடையாது. முழுநேரச் சம்பளம் வாங்கும் சட்ட ஆசிரியர் வழக்கறிஞராகத் தொழில் நடத்த முடியாது. கத்தி பிடிக்க அனுமதியில்லாத சர்ஜன் அறுவை சிகிச்சை கற்றுத் தருவது மாதிரி.

ஆனாலும் ஏழையின் வழக்கில் முக்கால்வாசி வேலை நீதிமன்றத்துக்கு வெளியேதான் நடக்கிறது. இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1973-ல் அவர் தலைமையிலான குழு சட்ட உதவி பற்றி அறிக்கை தந்தது. 1976-ல் அரசியல் சாசனத்தில் 39ஏ பிரிவு சேர்ந்தது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல் நிறைவேறி, அமலுக்கு வர 1995 நவம்பர் 9 வரை காத்திருந்தது. எட்டு வருடம்! அந்தச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே, இலவச வக்கீல் உண்டு. குழந்தைகளுக்கு, தாழ்த்தப்பட்டோருக்கு, ஊனமுற்றோருக்கு, காவலில் இருப்பவருக்கும் அப்படியே. இதை ஒவ்வொரு சந்திலும் போய்ச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி. 2009 முதல் சட்ட மாணவர்களே ஆணையத்தின் துணைச் சட்டத் தொண்டர்களாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

மும்பையில் இந்த வேலைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாயில் 15 பெண் கைதிகளைப் பேட்டி கண்டார். லாக்கப்பில் தாக்கப்பட்டதாக ஐந்து பேர் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது. சிறைக்குப் போய்ப் பெண்களிடம் பேசி அறிக்கை தரச் சொல்லி நீதிமன்றம் கேட்டது நிர்மலா நிகேதன் சமூகப் பணிக் கல்லூரியின் இயக்குநரை. 1983-ல் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1990-ல் 'பிரயாஸ்' திட்டத்தைத் தொடங்கி, சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் சமூகப் பணியாளர்களை உட்கார வைத்தது. இரண்டு இடத்திலும் முதலில் போனது சமூகப் பணிக் கல்லூரிக்காரர்கள். சட்டக் கல்லூரிகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. நடைபாதைவாசிகளை வெளியேற்ற 1981 ஜூலையில் அந்துலே அரசு கிளம்பியபோது எழுந்ததுதான் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். பஞ்சத்தில் வேலையிழந்து 1961-ல் பம்பாய் வந்த நிலமற்ற விவசாயக் கூலி. தினக்கூலி 23 ரூபாய். குடிசையை இடித்து, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் மகள்களும் ஊரில் தங்க, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே குடியேறினார். 1985 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம், பிழைப்பு உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. சட்ட மாணவர்கள் எல்லோரும் இந்த வரியை மனப்பாடம் செய்கிறார்கள். நடைபாதையிலிருந்து அப்புறப்படுத்தலாம், ஆனால் மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை பொறுத்திருங்கள் என்று அதே தீர்ப்பு சொன்னது பரீட்சையில் அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை.

நெருக்கடி நிலையின்போது, 1976-ல், மான்கூர்டு ஜனதா காலனியில் சுமார் 70,000 பேரைக் கிளப்பிச் சீட்டா கேம்ப்பில் போட்டார்கள். அந்தக் காலனிக்காக நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். சட்டம் படித்தவர் இல்லை. குடிசைவாசிகளையே கணக்கெடுக்க வைத்து, அந்தக் கணக்கோடு அரசாங்கத்திடம் பேசுவது பிற்காலத்தில் அவரது இயக்கத்தின் வழக்கமாயிற்று. 2000-ல் மகசேசே விருது; 2018-ல் மறைந்தார். ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம்தான் பேச்சு எடுபடும் என்பதை எந்தக் கல்லூரியும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆவணம் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாராவியின் ஆதிதிராவிடக் குடும்பங்களில் பல, தோல் பதனிடும் காலத்திலேயே வந்தவை. இன்று பேத்தி கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்பார்கள். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவர் பிழைக்கப் போன இடத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990, 1994 தீர்ப்புகள் சொல்லின. 2018-ல் அரசியல் சாசன பெஞ்ச்சும் அதையே உறுதி செய்தது. இங்குள்ள பட்டியலில் அந்தச் சாதிப் பெயரும் இருக்க வேண்டும். ரயிலில் வரும்போது சாதி கூடவே வந்துவிட்டது. சான்றிதழ் மட்டும் வரவில்லை. பழைய பள்ளிப் பதிவேடு, முனிசிபாலிட்டி பிறப்புப் பதிவு என்று எங்காவது 1940-களின் ஒரு தாள் அகப்படுமா என்று பொறுமையாகத் தேட ஆள் வேண்டும். வக்கீலுக்கு அதற்கு நேரமில்லை. மாணவருக்கு இருக்கிறது.

அதிலும் தமிழ் தெரிந்த மாணவர் என்றால் பெரிய பாக்கியம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து 90 அடிச் சாலைக்கு நடந்தே போய்விடலாம்; நடுவில் இருப்பது மத்திய ரயில்வே தண்டவாளம். 1932-லேயே கல்விச் சங்கம் வைத்துப் பள்ளி கண்ட மாட்டுங்காத் தமிழர்களில் பலருக்குத் தாராவி ரயில் ஜன்னலில் பார்த்த இடம் மட்டுமே. தாராவிக்குள்ளேயே மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயர் தாண்டிய தண்டவாளத்தை ஆட்கள் தாண்டவில்லை. ஏன் என்பது நமக்குத் தெரியாததில்லை. மூன்றாம் தலைமுறை மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பரவாயில்லை. பையில் இருக்கும் தமிழ்க் காகிதத்தை அந்த அம்மாவே படித்துக் காட்டுவார். மராத்திப் படிவத்தை மாணவர் படிக்கட்டும்.

ஆர்வத்தில் இறங்கும் மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. யாரிடமும் அசல் ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் மட்டும் போதும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். நீங்கள் தப்பாக எழுதிய ஒரு தேதியால் உங்களுக்கு இரண்டு மார்க் போகும், அவருக்கு வீடு போகும். ஒவ்வொரு மனுவையும் நீதிமன்ற அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே தாக்கல் செய்யுங்கள். ஆசிரியருக்கு அந்த அனுமதி இல்லை என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கறிஞர் ஒருவரை வாரம் ஒரு நாள் அனுப்பித் தரும்படி கல்லூரி கேட்டு வாங்க வேண்டும். சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. மாணவர்கள் யாரும் இல்லாத இடத்தில் 15100 என்ற இலவச எண்ணில் ஆணையத்தைக் கூப்பிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மே மாதம். பரீட்சை முடிந்து மாணவர்கள் போய்விடுவார்கள். இடிப்பு நோட்டீஸுக்குப் பரீட்சைக் கால அட்டவணை தெரியாது. தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த 30-வது நாள் விடுமுறையில் விழுந்தால் கேட்பார் இல்லை. அடுத்த ஜூலையில் புதிதாக ஒரு மாணவி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "உங்க பேர் என்னம்மா?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். முத்துலட்சுமி பழைய கதையை நாலாம் முறையாகச் சொல்வார்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கோடு போட்ட, நூறு பக்க நோட்டு. யார் வந்தார், எந்தக் காகிதம் குறைகிறது, எந்தத் தேதியில் யாரிடம் மனு போனது, அடுத்து என்ன செய்ய வேண்டும். மே மாதம் ஊருக்குப் போகும் மாணவர், விடுமுறையில் மும்பையிலேயே இருக்கும் இரண்டாம் வருட மாணவரிடம் அதைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மதிப்பெண் போடுவதானால், டைரியை விட்டுவிட்டு இந்த நோட்டுக்குப் போடலாம்.