மணலெழுத்தும் மொண்டிசோரியும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே, நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே களுவாஞ்சிகுடி நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், பாலர்க்கெனத் தனியார் நிறுவிய பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் பல இடங்களிற் காணலாம். அவற்றுட் பலவற்றில் ‘மொண்டிசோரி’ என்னும் சொல் எழுதப்பெற்றிருக்கும். அஃது இத்தாலிய நாட்டுப் பெண்மணி ஒருவரின் குடும்பப் பெயரென அறியாதாரும் அதனை நாள்தோறும் வழங்குகின்றனர். முன்னாளில் ‘அரிவரி’ என்ற சொல் பெற்றிருந்த இடத்தை இன்று இச்சொல் பெற்றுவிட்டது. மூன்று வயது நிரம்பும் பிள்ளையையுடைய இல்லங்களில், ‘எந்த மொண்டிசோரிக்கு அனுப்புவது?’ என்பது ஆண்டிறுதிதோறும் எழும் பெருவினா. அவ்வினாவை எதிர்கொள்ளும் பெற்றோர் தேடுவது யாது, பெறுவது யாது என ஆராய்தல் ஆசிரியராயினார்க்கும் கல்வியில் நாட்டமுடையார்க்கும் கடமையாகும்.

இலவசக் கல்வி நிலவும் ஒரு நாட்டில் இத்தகைய வினா ஏன் எழுதல் வேண்டும்? சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டில் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றது. அவற்றுள் 1961 ஆம் ஆண்டுச் சட்டம், 5 முதல் 14 வரையான வயதினர்க்குத் தனியார் புதிதாகப் பாடசாலை அமைத்தலைத் தடைசெய்தது. ஆயின், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பாலரை அத்தடை தொடவில்லை. அரசுப் பாடசாலையின் வாயிலும் ஐந்து வயதிலேதான் திறக்கின்றது. ஆகவே, மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட காலம் இலவசக் கல்வியின் மதிலுக்குப் புறத்தே நின்றுவிட்டது. 1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் பாலர் பள்ளிகளின் முகாமையை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. கிழக்கு மாகாணத்தில் இதற்கெனப் பணியகம் ஒன்றும் உண்டு. எனினும் மேற்பார்வை செய்தல் வேறு. பள்ளியை ஏற்று நடத்துதல் வேறு. பெரும்பாலும் நடத்துவோர் தனியாரும், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த சபையாரும், கிராமச் சங்கத்தாரும், தொண்டு நிறுவனத்தாருமே. பட்டம்வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமையுடைய நாட்டிலே, பாலரின் முதற் படிக்குப் பெற்றோர் பொருள் கொடுக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

பள்ளியைத் தெரிந்தெடுத்தல் இந்நாட்டார்க்குப் புதியதன்று. 1814 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த வெசிலியன் மிசனரியாகிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் பாடசாலை தொடங்கிய நாள்முதல், ஆங்கிலக் கல்வியையும் தம் சமயத்தையும் இரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தவர் நம் முன்னோர். அந்நிறுவைக்கு விடைகூற எழுந்தவற்றுள் ஒன்றே 1929 ஆம் ஆண்டில் சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்த வித்தியாலயம். அன்றைய பெற்றோர் எதை இழந்து எதைப் பெறுகின்றோம் என்பதை ஓரளவு தெளிவாக அறிந்திருந்தனர். இன்றைய பெற்றோர்க்கு அத்தெளிவு அரிது. அவர் கண்முன் நிற்பது ஒரு பெயர் மட்டுமே. எனவே அப்பெயரின் வரலாற்றை முதற்கண் நோக்குவோம்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1870 ஆம் ஆண்டிற் பிறந்தவர். உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1896 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றவர். 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள், உரோமை நகரின் சான் லொறென்சோ என்னும் வறியோர் குடியிருப்பில், ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயரால் அவர் தம் முதற் பள்ளியைத் திறந்தார். பெற்றோர் நாட்கூலிக்குச் சென்றுவிட, மாடிப்படிகளிலும் சுவரோரங்களிலும் கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளே அங்கே முதல் மாணவர். 1939 ஆம் ஆண்டில், பிரமஞான சபையாரின் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டமையால் 1946 ஆம் ஆண்டுவரை இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர் பலர்க்குப் பயிற்சியளித்தார். 1944 ஆம் ஆண்டில் கொழும்பிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஆதலின் இப்பெயர் நம் கரையை அடைந்தது வெறும் புத்தக வாயிலாக அன்று.

அம்மையார் 1929 ஆம் ஆண்டில் தம் முறையைக் காக்க ஒரு சர்வதேசச் சங்கத்தை நிறுவினார். எனினும் அவர் பெயர் எவருக்கும் தனியுடைமையாகவில்லை. 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுந்த ஒரு வழக்கில், ‘மொண்டிசோரி’ என்பது ஒரு கல்விமுறையைக் குறிக்கும் பொதுச்சொல் என்றே முடிவாயிற்று. நம் நாட்டிலோ அது முறையைக் குறிக்கும் நிலையையும் கடந்து, பாலர் கூடும் எவ்விடத்தையும் குறிக்கும் சொல்லாயிற்று. எனவே, பெயர்ப்பலகையில் அச்சொல் இருப்பதனால் உள்ளே அம்முறை இருக்கின்றது எனத் துணிதல் இயலாது.

அம்முறைதான் யாது? மூன்று முதல் ஆறு வரையான வயதினர் ஒரே அறையில் இருப்பர். சிறியோர் பெரியோரைப் பார்த்துக் கற்பர். பெரியோர் சிறியோர்க்குக் காட்டிக் கற்பர். நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் வார்த்தல், பொத்தான் பூட்டுதல், பாய் சுருட்டுதல் ஆகியன அங்கே பாடங்கள். ஒரு சென்ரிமீற்றர் முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை பக்கமுடைய பத்துக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பிள்ளை, பிழை நேர்ந்தால் தன் கண்ணாலேயே அதனைக் காணும். ஆசிரியை கடிந்துரைக்க வேண்டுவதில்லை. பரிசுமில்லை, தண்டனையுமில்லை. எழுத்தை எழுதுமுன், மணற்றாளில் வெட்டி ஒட்டிய அவ்வெழுத்தைப் பிள்ளை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகும்.

இவ்விடத்தில் தமிழர்க்கு ஒரு நினைவு எழுதல் இயல்பு. நம் திண்ணைப் பள்ளிகளிலே மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதியே பிள்ளைகள் நெடுங்கணக்கைக் கற்றனர். இன்றும் விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். அம்மையார் இந்தியாவைக் காணுமுன்பே தம் முறையை வகுத்துவிட்டாராகையால், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனக் கூறுதல் பொருந்தாது. கையே முதற் கருவி என்னும் உண்மையை இரு நாட்டாரும் தனித்தனியே கண்டனர் என்பதே பொருந்தும். மேலும், எழுத்தின் பெயரும் ஒலியும் பெரிதும் ஒன்றியிருக்கும் தமிழுக்கு ஒலிவழிக் கற்பிக்கும் இம்முறை மிக இசைவுடையது. அவ்வாறிருந்தும், மொண்டிசோரி என்னும் பெயர்தாங்கிய பள்ளிகளிற் சில, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து ஆங்கில எழுத்துகளைக் கொப்பியின் பக்கம் நிறைய எழுதுவிக்கின்றன.

இதற்குப் பள்ளியாரை மட்டும் பழித்தல் முறையன்று. பெற்றோர் கூறும் அனுபவங்களைக் கேட்டால் காரணம் புலப்படும். நகரில் அலுவலகப் பணிபுரியும் ஒரு தம்பதியர் மூன்று பள்ளிகளைப் பார்த்தனர். முதலாவதில் எழுத்து நிறைந்த கொப்பிகளைக் காட்டினர். இரண்டாவதில் கலைவிழாப் படங்களைக் காட்டினர். மூன்றாவதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் பாயிலிருந்து தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தனர், ஆசிரியை மெல்லப் பேசினார். தம்பதியர் முதலாவதையே தெரிந்தெடுத்தனர். ஓராண்டின் பின் பிள்ளை ஆங்கிலத்தில் நூறுவரை ஒப்புவித்தது. ஆனால் காலைதோறும் அழுதது. வேறொரு தாய் அமைதியான பள்ளியைத் தெரிந்தெடுத்தார். பிள்ளை வீட்டுக்கு வந்து தன் தட்டைத் தானே கழுவக் கண்ட அம்மம்மா, “கோப்பை கழுவப் பழக்கிறதுக்கா காசு கட்டுறீங்க?” என்று மகளைக் கேட்டாராம். அத்தாய் சிரித்தாலும், முதலாம் தரம் நெருங்க நெருங்க அவருள்ளத்திலும் அவ்வினா முள்ளாய்த் தைத்தது. கடலோரக் கிராமத்து மீனவர் ஒருவரோ கோயிற் சபையார் நடத்தும் பாலர் பள்ளிக்குத் தம் மகளை அனுப்புகின்றார். பள்ளி அருகிலுள்ளது, கட்டணம் சிறிது, ஆசிரியை உள்ளூரார். பிள்ளை மகிழ்ச்சியாகவே செல்கின்றது. ஆயினும் அதன் பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்னும் சொல் இல்லாமை அவர்க்கு ஒரு குறையாகவே தோன்றுகின்றது.

இவ்வனுபவங்களிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். பொருள் கொடுப்பவர் பொருளுக்கு ஈடாக ஒன்றைக் காண விரும்புகின்றார். ஆசிரியையின் ஊதியமோ பெரும்பாலும் அக்கட்டணத்தையே சார்ந்தது. ஆதலின் கண்ணுக்குப் புலனாகும் கொப்பியும் விழாவும் பெருகுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத கவனமும் தன்னம்பிக்கையும் சொல்வளமும் பின்னே தள்ளப்படுகின்றன. நல்லாசிரியை ஒருத்தி நல்ல முறையைக் கைக்கொள்ள விரும்பினும், பிள்ளைகள் அடுத்த தெருப் பள்ளிக்கு மாறிவிடுவர் என்னும் அச்சம் அவளைத் தடுக்கின்றது.

பெற்றோரின் அச்சங்கள் இரண்டு. முன்பே எழுதப் பழகாத பிள்ளை முதலாம் தரத்திற் பின்தங்கும் என்பது ஒன்று. அரசுப் பாடசாலைகள் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கையில் நோக்குவன வதிவிடத்தின் அண்மை, பெற்றோர் அங்குப் பயின்றமை, உடன்பிறந்தார் பயிலுதல் முதலியனவே. பிள்ளை எத்தனை எழுத்து அறியும் என்பதன்று. அங்கே எழுத்தைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டியதும் ஆசிரியர் கடன். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் மூன்று வயதுவரை நீண்டு விழுவதாலேயே இவ்வச்சம் பெருகுகின்றது. மற்றையது ஆங்கிலம் பற்றியது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஆங்கிலமொழியிலேயே நடைபெறும் பாலர் பள்ளியை விட்டு வெளிவரும் நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் புகுவது தமிழ்மொழி மூலமான முதலாம் தரத்திலேயே. வீட்டில் ஒரு மொழி, பாலர் பள்ளியில் ஒரு மொழி, பின்னர் மீண்டும் முதன்மொழி என்று அலையும் பிள்ளை, வினாக் கேட்கும் வயதில் வினாக் கேட்பதற்கு மொழியின்றி நிற்கும். ஆங்கிலப் பாட்டும் சொல்லும் விளையாட்டாக வரட்டும்; பிள்ளை தன் மனத்திலுள்ளதைச் சொல்லும் மொழி தாய்மொழியாக இருக்கட்டும்.

இதுவரை கூறியது தெரிந்தெடுக்க வாய்ப்புடையாரைப் பற்றியது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவியின் மேற்கே, படுவான்கரையில், வயல்சூழ்ந்த கிராமங்கள் பலவற்றில் உள்ளது ஒரே பாலர் பள்ளி. மாரி வெள்ளம் தெருவை மறித்தால் அதுவுமில்லை. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதனால் இரு கரையும் நெருங்கின. ஆயினும் மூன்று வயதுப் பிள்ளையை நாள்தோறும் பாலங்கடந்து முச்சக்கர வண்டியில் அனுப்பக் கூலியாளரால் இயலுமா? 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னும், தொண்டு நிறுவனங்கள் பாலர் பள்ளிக் கட்டடங்கள் பலவற்றை எழுப்பின. அந்நிறுவனங்கள் சென்றபின் கட்டடம் நின்றது. ஆசிரியைக்குரிய ஊதியம் நிற்கவில்லை. தாய் மத்திய கிழக்கு நாட்டில் வீட்டுப்பணி புரிய, அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் இங்கே பலர். தாயின் வீட்டையே மகள் பெற்று வாழும் மட்டக்களப்பு வழக்கிலே அம்மம்மாவின் கதையும் பாட்டும் அடுக்களையுமே பிள்ளையின் முதற் பள்ளியாக இருந்து வந்தன. அவ்வன்பு இன்றும் உண்டு. எனினும் முதுமையால் தளர்ந்த ஒருத்தியிடம் முழுப் பாரத்தையும் சுமத்துதல் தகாது.

சான் லொறென்சோவின் பிள்ளைகளுக்கு ஒப்பானவர் இக்கரைப் பிள்ளைகளே. வறியோர் பிள்ளைகளுக்கென எழுந்த ஒரு முறையின் பெயர், இன்று வசதியுடையார் தெருவிற் பலகையாய்த் தொங்குவதும், அம்முறை யாருக்கென எழுந்ததோ அவரை அடையாமல் நிற்பதும் நாம் கருத்திற் கொள்ள வேண்டிய முரண்பாடாகும்.

அம்முறைக்குப் பெரும்பொருள் வேண்டுமென்பாரும் உளர். விலையுயர்ந்த மரக்கட்டைகள் இல்லையேல் அது நடவாதென அவர் கருதுவர். ஆனால் வாவிக்கரை மணலும், சிரட்டையும், புளியங்கொட்டையும், பனையோலையும் விலைகொடுத்து வாங்குவன அல்ல. எண்ணவும் வகைப்படுத்தவும் அளக்கவும் முடையவும் அவை போதும். அரிதாயுள்ளது பயிற்சி பெற்று, தக்க ஊதியம் பெற்று, ஓரிடத்தில் நிலைத்துநிற்கும் ஆசிரியையே.

ஆகவே, பள்ளி தேடும் பெற்றோர் பெயர்ப்பலகையை விடுத்து உள்ளே சென்று சிறிதுநேரம் அமர்ந்து பார்த்தல் நன்று. பிள்ளைகளின் கைகள் வேலை செய்கின்றனவா? பிழை செய்த பிள்ளை அஞ்சுகின்றதா, மீண்டும் முயல்கின்றதா? ஆசிரியை பேசும் நேரம் மிகுதியா, பிள்ளைகள் பேசும் நேரம் மிகுதியா? அவர்கள் பேசுவது தம் மொழியிலா? அவ்வாசிரியை எங்கே பயின்றார், எத்துணைக் காலமாக அங்கே பணிபுரிகின்றார்? இவ்வினாக்களுக்கு நல்ல விடை தரும் பள்ளி, ஓலைக் கொட்டிலாயினும் அதுவே மொண்டிசோரி எனத் தகும்.

பெற்றோர் இதனைச் செய்யலாம். படுவான்கரையின் ஒற்றைப் பள்ளிக்கு ஆசிரியையின் ஊதியத்தை உறுதிசெய்தலோ பெற்றோரால் ஆவதன்று. அரசும் மாகாண ஆட்சியும் ஏற்க வேண்டிய கடன் அது. 1945 ஆம் ஆண்டில் திறந்த வாயில் இன்றும் ஐந்து வயதிலேயே நிற்கின்றது. அதனை மூன்று வயதுக்கு நகர்த்த வேண்டுமென்ற கோரிக்கையை முதலிற் சொல்லுந் தகுதி, முதலாம் தரத்தின் முதல் நாளில் இரு கரைப் பிள்ளைகளையும் அருகருகே காணும் ஆசிரியர்க்கே உண்டு.